மேட்டில் மட்டும் சிரித்த கார்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. போன மாதம் வாங்கிய பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார்கள். மெக்கானிக்கின் போன் வந்ததும் கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க பாய், இன்ஜினை எறக்கோணுமுங்களா?”

“சத்தத்தை மறுக்கா சொல்லுங்க.”

“கிணுகிணுகிணு! மேட்டுல ஏறறப்ப மட்டும் சிரிக்குதுங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“பூசை போட்டீங்களா?”

“வாங்குன அன்னிக்கே பானெட்டைத் தொறந்து இன்ஜினுக்குப் பொட்டு வெச்சனுங்க,” என்றார் மனைவி.

“உங்க வெள்ளிக் குங்குமச் சிமிழ் இன்ஜின் ஓரத்துல உக்காந்திருக்குதும்மா.”

கணவர் சிரிப்பு தாளாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அட அம்மணி! அதை எங்க அக்கா எடுத்துக்கிட்டாங்கன்னு மூணு வாரமா அவங்ககூடப் பேசாம இருந்தியே!”

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கினார். பிறகு போனைப் பிடுங்கினார்.

“பாய், அதை எடுக்காதீங்க. கார்லயே நேரா இவரு அக்கா, எங்க நங்கையா ஊட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டு, அவங்க கையாலயே எடுக்கச் சொல்றனுங்க.”

“அவங்க ஊடு எங்கம்மா?”

“மேட்டுலதானுங்க.”

“அப்ப நீங்க வாரது அவங்களுக்கு முன்னாடியே கேட்டுரும்.”

கூச்சத்தால் தள்ளிப்போட்டு, கடைசியில் இதை எழுதியது புரட்டாசி ஏழாம் தேதி.