தவமணி வரைந்தவை

"செல் வருது! படுங்கோ!"

படுக்கிறேன். வாய்க்குள் மணல். முதலில் எறிகணையின் நீண்ட விசில். பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு நிலம் அதிர்கிறது. தென்னையொன்று பாதியில் முறிகிறது. ஐப்பசி. வெள்ளிக்கிழமை மாலை. கரையில் படகு நிற்கிறது. என் மார்போடு ஓர் உரப்பை. உள்ளே படங்கள்.

மூன்று பெண்கள் வரைந்தவை. நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் சித்திர ஆசிரியை. தவமணி என் அண்ணி. அண்ணன் காணாமற்போன பிறகு வரையத் தொடங்கினாள். ரெஜினா தையல்காரி. தாள் கிடைக்காத காலம். சிமெந்துப் பையைக் கிழித்தோம். அடுப்புக்கரியால் வரைந்தோம். பதுங்குகுழியில் பிள்ளை பெற்றவளை. தண்ணீர் வரிசையை. சுவர் போய்க் கதவு மட்டும் நின்ற வீட்டை. வேறு யாரும் அவற்றை வரையவில்லை.

ரெஜினா புரட்டாசியில் செத்தாள். தண்ணீர் வரிசையில். குடம் உடையவில்லை.

தவமணி படகுவரை வந்தாள்.

"பிள்ளை கோயிலடியில நிக்கிறாள். கூட்டிக்கொண்டு வாறன். படங்களை நனைய விட்டிடாதை."

ஓடினாள். மறுபடி விசில். இன்னொன்று.

"ஏறுங்கோ! இனி நிக்கேலாது!" படகோட்டி கத்துகிறான். நான் ஏறவில்லை. தூக்கிப் போட்டார்கள்.

படங்கள் நனைந்தன. கோடியக்கரையில் இறங்கியபோது பைக்குள் கடல். உப்பளத்துக்கு வேலைக்கு வந்த பெண்ணொருத்தி ஓடிவந்தாள்.

"அழாதீங்கக்கா. மொதல்ல விரிச்சுப் போடுவோம், வாங்க."

கொட்டகை நிழலில் விரித்தோம். சில தாள்கள் ஒட்டிக்கொண்டன. சிலவற்றில் கரி கரைந்து முகங்கள் போய்விட்டன.

பிறகு முகாம். பல வருடங்கள். யாரும் தவமணியைக் கண்டதாகச் சொல்லவில்லை.

இப்போது தஞ்சாவூர். கவிதாவின் அறை. பெண்கள் வரைந்து பெட்டிக்குள் போட்டுவைத்த படங்களைத் தேடி எடுத்து ஆவணக்காப்பகம் ஒன்றை உருவாக்குகிறாள் அவள். வெளியே வயலில் டிராக்டரின் புகைக்குழாய் படாரென்று வெடிக்கிறது. நான் மேசைக்கடியில் இருக்கிறேன். கவிதா பக்கத்தில் வந்து உட்காருகிறாள். பிறகு இருவரும் எழுந்து வேலையைத் தொடர்கிறோம். ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்கிறாள்.

"இதுல கையெழுத்து இல்லீங்களேம்மா. வரைஞ்சவங்க பேர் தெரியலைன்னு போட்டுரலாங்களா?"

"போடாதேங்கோ. தவமணி. அவள் இடக்கைக்காரி. கோடு சாயுற பக்கத்தைப் பாருங்கோ. வரையேக்க வலக்கையில பிள்ளை இருக்கும்."

கவிதா தட்டச்சு செய்கிறாள். தவமணி. ஊர். பிறந்த வருடம். விரல்கள் நிற்கின்றன.

"இறந்த வருஷம் கேக்குதும்மா."

எனக்குத் தெரியாது. செத்தாள் என்று நான் இதுவரை எங்கும் சொன்னதில்லை.

"வெறுமையா விடுங்கோ."

விட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

எஞ்சியவை பதினேழு படங்கள். பிரிக்க முடியாமல் ஒட்டிப்போன கட்டு ஒன்று. வீட்டோடு விட்டுவந்தது பெட்டி ஒன்று. அதில் எத்தனை இருந்தன என்பது தவமணிக்குத்தான் தெரியும்.

ரெஜினா.

தவமணி.

தவமணியின் மகள் அனுஷா. ஆறு வயது.