தோணியில் கடைசி ஆள்

– ஏன்வே வெள்ளத்துரை, தோணியில உமக்கு என்ன வேலை?

– ஏட்டி பூமாரி, புருசனுக்கா ‘வே’ போடுத? ஸ்டேஷன்ல நாலு பேரு பாக்காங்க.

– இப்ப நான் ஒங்க பொஞ்சாதி இல்ல, எதிர்த்தரப்பு வக்கீலு. மெட்ராஸ் கோர்ட்டுக்குப் போற ரயில் வார வரைக்கும் அப்படித்தான். கேட்டதுக்குப் பதில்!

– சமையல் வேலைய்யா. ஏழு பேருக்குக் கஞ்சி காச்சி, கொழம்பு வச்சு...

– வாயில வைக்க முடியுமா?

– வக்கீல் இதெல்லாமா கேப்பாரு?

– வீட்டுல ஒருநா அடுப்புப் பக்கம் வராத ஆளு, அதான் கேட்டேன். ம்... எழுபத்தொம்பது ஐப்பசியில என்ன நடந்துச்சு?

– கொச்சியில மரத்தடி ஏத்திக்கிட்டு தூத்துக்குடிக்கு வந்தோம். பேய்க்காத்து புடிச்சுட்டு. பாய்மரம் ஒடிஞ்சு, உள்ள தண்ணி வந்துட்டு. தண்டல் சேக் மைதீன்...

– தண்டல்னா யாருன்னு ஜட்ஜுக்குத் தெரியுமா?

– தோணிக்குத் தலைவருய்யா. பாறையில மோதிருமோன்னு பயந்து, அவரும் மத்த அஞ்சு பேரும் கடல்ல குதிச்சாங்க. தோணியில இருந்து அத்துக்கிட்டு மெதந்த சின்ன வள்ளத்துக்கு நீந்திப் போயி, ஏறிக் கரைக்குப் போயிட்டாங்க.

– தோணி முங்கலையா?

– மரத்தடி ஏத்துன தோணி லேசுல முங்காது. விடிஞ்சு ஒரு மோட்டார் லாஞ்சிக்காரன் வந்தான். கட்டி இழுத்துட்டுப் போயி, ‘ஆளுங்க கைவிட்ட தோணி, பாதி எனக்கு’ன்னு கேஸ் போட்டுட்டான்.

– ஞாயந்தான? ஆறு பேரும் ஓடிட்டாங்கல்லா?

– நான் இருந்தேம்லா, காவலுக்கு!

– ஆக, எல்லாம் ஒம்ம சாட்சியிலதான் இருக்கு. தோத்துட்டா?

– முதலாளிக்குப் பாதித் தோணி போயிரும். ‘தோணிய அம்போன்னு விட்டவரு’ன்னு சேக் மைதீன் அண்ணாச்சிய எவனும் வேலைக்குச் சேக்க மாட்டான்.

– மத்தவங்ககூட நீரு ஏன் போகல?

– நமக்குப் பயம்னா என்னன்னே...

– வே...

– சரி சரி. ஒருத்தன் காவலுக்கு வேணும்லா.

– ஏழு பேருல தண்டல் உம்மையா தேடிப் புடிச்சாரு? பல்லி விழுந்தா கட்டில்ல ஏறி நிக்குத ஆளு.

– ஏட்டி!

– உமக்கு நீச்சல் தெரியுமா?

– ரயிலு சத்தம் கேக்குதா பாரு.

– கேள்வி வெளங்கலையோ?

– ...கரிசக்காட்டுல பொறந்தவனுக்கு எங்கன இருந்து நீச்சல் வரும்? வேலைக்குச் சேரும்போது தெரியும்னு சொல்லிட்டேன். ஒனக்கு யாரு சொன்னா?

– மறுவீட்டுக்குக் குருவிகுளம் வந்தப்போ எங்க அண்ணன்மாரு கெணத்துக்குக் கூப்பிட்டாங்க. மூணு நாளும் சளின்னு சொன்னியள்லா... சித்திர வெயில்ல என்ன சளி?

– இம்புட்டு நாளாத் தெரிஞ்சும் வாயத் தொறக்கல பாரு!

– ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்லா... சரி, கடைசிக் கேள்வி. போம்போது தண்டல் ஒம்மகிட்ட என்ன சொன்னாரு?

– ‘தோணியப் பாத்துக்கோ, திரும்பி வாரேன்’னாரு.

– கூண்டுல சத்தியம் பண்ணி இதச் சொல்லுவீரா?

– ...சொல்லித்தான ஆகணும்.

– என்னங்க... இங்கன பாருங்க.

– வக்கீலு எங்க போயிட்டாரு?

– அவரு போயிட்டாரு. இப்ப நான் கேக்கேன்.

– ...ஒண்ணுமே சொல்லலட்டி. எல்லாரும் குதிக்காங்க. நானும் கண்ண மூடிக்கிட்டு குதிக்கப் போனேன். அவரு என்னப் பின்னால இழுத்து, ஒடிஞ்ச பாய்மரத்தோட சேத்து... கயித்தால கட்டிட்டாரு.

– கட்டி...

– ஆட்டக் கட்டுத மாதிரி. கட்டிட்டு, என் மூஞ்சியக்கூடப் பாக்காம குதிச்சுட்டாரு. நான் அவுத்து எந்திரிக்க விடிஞ்சுட்டு. ‘தம்பி, தம்பி’ன்னு என் கையால வாங்கித் தின்ன மனுசன்! வள்ளத்துல எடம் பத்தாதுன்னு என்னக் கழிச்சு விட்டுட்டாரு.

– அன்னைக்கே திரும்பி வந்தாருல்லா?

– வந்தாரு. வேற வள்ளம் புடிச்சுக்கிட்டு, லாஞ்சிக்குப் பின்னாலேயே. பொணத்த எடுக்க வந்திருப்பாரு. ‘ஏன் அண்ணாச்சி கட்டுனிய’ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அன்னைல இருந்து நானும் பேசல. ஆனாலும் அவரு பொழப்புல மண்ணள்ளிப் போட மனசு வரலட்டி. அதான் பொய் சொல்லப் போறேன்.

– பொய் வேண்டாங்க. கட்டுனதையே சொல்லுங்க.

– கிறுக்கா ஒனக்கு? அதச் சொன்னா கைவிட்டுட்டாருன்னு தீந்துருமே! ...ஏட்டி, ஏன் அழுத? அதான் முழுசா வந்துட்டேன்லா...

– அவரு கைவிடலங்க. அந்த வருசம் ஆடித்தபசுக்கு வீட்டுக்கு வந்தாருல்லா... நீங்க எலை வாங்கப் போயிருந்திய. அப்பக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். ‘இவியளுக்கு நீச்சல் தெரியாது அண்ணாச்சி. நான் சொன்னதா மட்டும் காட்டிக்கிடாதிய. என்ன ஆனாலும் தண்ணியில இறங்க விட்ராதிய... கட்டிப் போட்டாவது எங்கிட்டத் திருப்பிக் கொண்டாந்து தந்துருங்க’ன்னு.