போர்வெல்லிலிருந்து ஒரு அம்புக்குறி

மூணாங்கிளாஸோடு நின்றும், சொந்த உழைப்பில் தோட்டம் வாங்கி நாலு போர்வெல் போட்ட ஆள் நான். எருத்தேன்பதி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ரெண்டு டீச்சர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், நேத்து மொகமே வாடிக் கெடந்துது?"

"புள்ளைங்கள, வத்துன கெணத்த நடுவுல வரைஞ்சு, ஏன் வத்துச்சுன்னு யோசிச்சு சுத்தியும் அம்புக்குறி போடச் சொன்னேனுங்க. ஒரு புள்ள அவங்கப்பன் போர்வெல்லுல இருந்தே பக்கத்து ஊட்டுக் கெணத்துக்கு அம்பு போட்டுட்டா."

"அய்யோ! அப்பன் பாத்துட்டாரா?"

"நோட்டோட வந்து நின்னாருங்க. நான் தினக்கூலி டீச்சர், வேலை போச்சுன்னே நெனச்சேன்."

"திட்டுனாரா?"

"இல்லீங்க. 'எங்க தோட்டத்துல போர்வெல் ரெண்டுங்க டீச்சர், இன்னொரு அம்பும் போடச் சொல்லுங்க'ன்னாரு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

என் தோட்டத்திலிருந்து நாலு அம்பு போட வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் வேறு யாருக்கும் அத்தனை கிடையாது.