பச்சைத்தண்ணீர் குடிக்காமல் வந்தவர்

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பெரியவரும் அவர் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை நீட்டிய தண்ணீர் பாட்டிலை அவர் தள்ளிவிட்டார்.

“வேணாம்மா. கிட்னி குடுக்கப் போறவன் வெறும் வயித்தோடதான் போகணும்.”

“ஒங்க கிட்னியை யாருண்ணே கேட்டா?”

“தம்பிக்குக் கிட்னி ஆப்பரேசன்னு நீதானே போன்ல சொன்னே?”

“முழுசாச் சொல்ல எனக்கு வாய் வரலைண்ணே. கிட்னியில கேன்சர் கட்டி. அந்தக் கிட்னியை எடுக்கப் போறாங்க. வேற எங்கிட்டும் பரவலைன்னு ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு.”

“எடுத்துட்டா, பதிலுக்கு ஒண்ணு வைக்க வேணாமா?”

“வேணாமாம். இன்னொரு கிட்னி நல்லாருக்கு, அது ஒண்ணே போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பப்பப் போயி ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டா சரி.”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முந்திரிக்காடு முடிந்ததும் தங்கை பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி வீட்டுக்குப் போறேன்.”

“ஏண்ணே?”

“வரப்புத் தகராறுக்கு அப்புறம் அவன் வீட்டுப் பக்கமே நான் போகலை. கிட்னி குடுக்க வந்திருக்கேன்னா எம்மொகத்தப் பாப்பான். இப்ப என்னான்னு சொல்லிக்கிட்டு அவன் முன்னால போயி நிக்கிறது?”

“சேதி தெரிஞ்சதுலேருந்து, அண்ணனுக்குச் சொன்னியா, அண்ணனுக்குச் சொன்னியான்னு கேட்டுக்கிட்டே கெடக்கான். ஒங்க கிட்னிக்காகவாண்ணே கேட்டான்?”

அடுத்த ஸ்டாப் வந்தது. பெரியவர் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பியதும் கையை மட்டும் நீட்டினார்.

“அந்தத் தண்ணியக் குடு.”