முடிப்பு அவிச்ச குழி

கேட்டுக்கிடுங்க. சொன்ன நாள்ல மழை பேஞ்ச காலம் அது. ஊசிக்கரட்டுப்பட்டின்னு ஒரு ஊரு. கரிசக்காடு. சோளந்தான் வெள்ளாமை, சோளந்தான் சோறு.

அந்த ஊருச் சோளத்துல ஒரு சீக்கு உண்டு. கதிருல மணி பிடிக்கவேண்டிய எடத்துல வெள்ளத்தோலு போத்துன பொட்டணம் பிடிக்கும். பிச்சா உள்ள மணி இருக்காது, கரித்தூளுதான். கையில ஒட்டும், ஊதுனாப் பறக்கும். இன்னைக்கு அதக் கரிப்பூட்டைங்கோம், காளான் சாதிச் சீக்குங்கோம். அன்னைக்கு அந்த மடப்பயலுக என்ன சொன்னானுகளாம்? கருப்பசாமி முடிப்புன்னானுகளாம்! சாமி தன் திருநீற முடிஞ்சு அனுப்பியிருக்காராம். திருநீறு எப்பய்யா கருப்பா இருந்துச்சுன்னு ஒருத்தன் கேக்கல.

சும்மா கும்புட்டுட்டு விட்டானுகளா? இல்ல. அத எடுத்துப் பத்திரமா வச்சிருந்து, வெதப்புக்கு மொத நாளு ஊரு பூராவும் வெதைக் கூடையக் கோயில்ல கொண்டாந்து வைக்கணுமாம். நாட்டாமை பெத்தணன் முடிப்பப் பிச்சு ஒவ்வொரு கூடையிலயும் அந்தக் கருந்தூளத் தூவுவானாம். சாமி மையாம் அது! சீக்க எடுத்து வெதையில தூவியிருக்கானுக, மக்கா. வருசா வருசம் முடிப்பு கூடுச்சு, சோளம் கொறஞ்சுச்சு. கொறையக் கொறைய இன்னும் ரெண்டு பிடி தூவுனானுகளாம்.

அந்த ஊருல குருவம்மான்னு ஒருத்தி. புருசன் செத்தவ. ரெண்டு பொட்டப்பிள்ளைக, ரெண்டு குறுக்கம் காடு, அம்புட்டுத்தான் அவளுக்கு. பெத்தணன் அந்தக் காட்டக் கேட்டான். அவ குடுக்கல. "அப்பிடியா? ஒன் வெதை இனிமே கோயில் வாசல் ஏறப்படாது"ன்னு தள்ளி வச்சுட்டானாம். அண்ணன் ஊருல வெதை வாங்கியாந்து, மை படாமலே வெதைச்சா. அழுதுக்கிட்டே வெதைச்சாளாம். சாமி கைவிட்ட வெதை மொளைக்குமான்னு அவளுக்கும் பயந்தான்.

மொளைச்சுச்சு. கதிரு வாங்குச்சு. ஊருக்காட்டுல பாதிக் கதிரு கரி. அவ காட்டுல தேடிப்பாத்தா நாலஞ்சு. ரெண்டு காட்டுக்கும் நடுப் பொழியில, வரப்பு மேல நின்னு இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா. வெளங்கிருச்சு அவளுக்கு. கோயில் வாசல்ல போய் நின்னு கத்துனாளாம்:

"மை படாத வெதை மணியா வெளையுது. மை பட்ட வெதை மையா வெளையுது. பாவிகளா, இது முடிப்பு இல்லடா, சீக்கு!"

கேப்பானுகளா? "ஊரு மணிய உறிஞ்சிட்டா, சூனியக்காரி"ன்னு கெளம்பிட்டானுக. பட்டப்பகல்ல அம்பது மாட்ட அவ காட்டுக்குள்ள பத்திவிட்டான் பெத்தணன். குறுக்க நின்னவளக் கல்லால எறிஞ்சானுகளாம். மொதக் கல்லு பெத்தணன் கல்லு. முன்பல்லு ரெண்டு போச்சு. அவ ரத்தத்தத் துப்பிட்டுக் காட்டுக்குள்ள பாஞ்சா. மாட்டுக் காலுக்கு ஊடால, நல்ல கதிராப் பாத்து ஒடிச்சு ஒடிச்சு மடியில கட்டிக்கிட்டா. வெதைக்கு. பிள்ளைக பசியில அழுதப்பவும் அதுல ஒரு மணியத் தொடலயாம். அண்ணன் காட்டுல அத வெதைச்சு, வெளைஞ்ச மணியக் கொட்டிக் குலுக்கைய நெறைச்சுட்டா.

ரெண்டே வருசம். ஊருக் களத்துல கதிரடிச்சாக் கரிதான் பறந்துச்சாம். வெதைக்குக்கூட மணி இல்ல. பெத்தணன் வெறுங்கூடையோட அவ வாசல்ல வந்து நின்னான்.

"வெதை வேணும் தாயி."

"தாயின்னு யாரு சொல்றது? கல்லெறிஞ்சவனா?"

"ஊரு சாகுது குருவம்மா."

"சாகட்டுமே!"

சொல்லிட்டா. ஆனா ஊருப் பிள்ளைக வயிறு ஒட்டிக் கெடந்தத அவளும் பாத்தவதான. பெறகு சொன்னாளாம்: "தாரேன். அதுல மை படக்கூடாது. கதிரு வாங்கவும் ஊருக்காடு பூராவும் நீ எறங்கணும். தோலு வெள்ளையா இருக்கையிலயே, வெடிக்கிறதுக்கு முந்தி, ஒவ்வொரு முடிப்பா ஒடிச்சு நனைஞ்ச சாக்குல போடணும். கோயில் பொங்கப்பானையில கொதிக்கக் கொதிக்க அவிக்கணும். ஒன் கையால, ஊரு பாக்க."

"சாமி முடிப்ப நான் அவிக்கிறதா?"

"அப்ப வெறுங்கூடையோட போ."

அவிச்சான். கண்ணுல தண்ணி வடிய அவிச்சானாம். மறு வருசமும் அவிச்சான். மூணாம் வருசம் களத்துல சோளம் குமிஞ்சு கெடந்துச்சு. பெத்தணன் ஓடியாந்து அவ கால்ல விழுந்தானாம். "என்னய மன்னிச்சிரு தாயி."

அவ பல்லு போன வாயத் தொறந்து காட்டுனாளாம். "வெதை கேட்ட, குடுத்தேன். மன்னிப்பு என் குலுக்கையில இல்ல. போ."

இன்னைக்கும் மார்கழியில கருப்பசாமிக்குப் பொங்க வச்சா, மொதப் பானையில அரிசி போடமாட்டாக. நாட்டாமை வீட்டு மூத்தவன் காடு பூராவும் சுத்தி ஒடிச்சாந்த கரிக்கதிரத்தான் அதுல அவிப்பான். அந்தத் தண்ணிய ஊத்துற குழிக்குத்தான் முடிப்பு அவிச்ச குழின்னு பேரு. ரெண்டாம் பானைதான் சாமிக்கு. அந்தப் பொங்கல மொதல்ல குருவம்மா வகையறா வீட்டுக்குத்தான் குடுத்துவிடுவாக. கொண்டு போறவன் வாசல்ல நின்னு மூணு தடவை கூப்பிடுவான். கதவு தொறக்காது. எத்தனை தலைமுறை ஆச்சு! ஒரு பருக்கை அவுக வாயில பட்டதில்ல.