துப்பாத வாய்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எங்கள் கிரீட் தீவில் அது மத்தியானத் தூக்க நேரத்தில் வரும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் மனோலிஸின் பெரியம்மா அர்கிரோவுக்கு நடந்தது.

ஆகஸ்டு மாதம், மதியம் இரண்டு மணி. ஸக்ரோஸ் கடற்கரைக்கு இறங்கும் சாலையில் ஈ காக்கை இல்லை. அர்கிரோவும் தங்கை பெலாகியாவும் மினோவர்கள் என்ற பழங்கால மக்களின் அரண்மனை இடிபாட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகிறார்கள். அங்கே காவல் வேலை பார்த்த ஸ்த்ராதிஸ்தான் பெலாகியாவுக்கு நிச்சயமானவன். முதலில் அர்கிரோவைப் பெண் பார்க்கத்தான் வந்தார்கள். காப்பித் தட்டோடு வந்த தங்கையைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அர்கிரோவுக்கு ஒரே வயிற்றெரிச்சல். தங்கை சிரித்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அரண்மனையில் இடுப்பளவுச் சுவர்கள்தான் மிச்சம். ஸ்த்ராதிஸ் ஆலிவ் மரத்தடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பெலாகியா ராணியின் அறைப் படியில் ஏறி நின்று தலைத்துணியை அவிழ்த்தாள். முடி இடுப்புவரை விழுந்தது.

"எப்படிக்கா இருக்கேன்? ராணி மாதிரி இல்ல?"

எங்கள் ஊரில் ஒருவரை அழகு என்று சொன்னால் உடனே மூன்று முறை 'த்பூ' சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். சும்மா பாவனைதான், எச்சில் தெறிக்காது.

"உன்ன மாதிரி அழகி இந்தத் தீவுலயே கிடையாதுடி," என்றாள் அர்கிரோ. சொல்லிவிட்டு... வாயை இறுக மூடிக்கொண்டாள். படட்டும். நன்றாகப் படட்டும்.

சிள்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. தேனும் கெட்டுப்போன எண்ணெயும் கலந்த வாடை...

பெலாகியா கன்னத்தைத் துடைத்தாள். "சீ! துப்புறதுன்னா நிஜமாவேவா துப்புவ? அதுவும் மூணு தடவ!"

அர்கிரோவின் வாய் காய்ந்து கிடந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், மண்ணில் பாதி புதைந்த பெரிய தாழி. அதற்குள்ளிருந்து மெல்ல... ஒரு பெண் குரல்.

"உனக்கென்ன குறைச்சல்? நீ அவளவிட அழகு."

யாருமே சொல்லாததை அது சொன்னது. ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது, புகழ்ந்த அது துப்பவில்லை. காத்திருந்தாள். தாழிக்குள் குனிந்து கெஞ்சினாள்.

"துப்பு... ஒரு தடவையாவது துப்பேன்..."

சத்தமே இல்லை.

அன்று ராத்திரி தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அர்கிரோ செத்துப்போனாள். என்ன நோய் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணை எங்கள் பக்கம் மணப்பெண்ணாக அலங்கரித்துத்தான் அடக்கம் செய்வார்கள். தலையில் மலர் வளையம், வெள்ளை உடுப்பு... பெலாகியாவுக்குத் தைத்ததுதான். பெட்டியைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

"என்ன அழகு! தங்கச்சியவிட அழகு!"

ஒருவரும் துப்பவில்லை. செத்தவர்களுக்குத் துப்புவதில்லை.