பரிதா டீச்சர் கொடுத்த தண்டனை

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் பச்சியப்பன் அவர்களே! மேடையில் நாற்காலி போட்டும் வேண்டாமென்று பிள்ளைகளோடு தரையில் அமர்ந்திருக்கும், பரிதா டீச்சரின் கணவர், இண்டூர் தையற்கடை முகம்மது கவுஸ் பாய் அவர்களே! சக ஆசிரியர்களே, தாய்மார்களே, காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! இந்தப் பள்ளியின் தலைமையாசிரியன் சவுரியப்பன் உங்களை வணங்குகிறேன்.

கையில் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். "கண்டிப்பின் சிகரமே! தண்டிக்கத் தயங்காத தாயே! பரிதா பேகம் அம்மையாரே!" என்று ஆரம்பம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்க மாட்டேன். நேற்று முன்தினம் காலையோடு இந்த நான்கு பக்கமும் பொய்யாகிவிட்டது. வேறு எழுத எனக்கு ஓடவில்லை. முன்னே பின்னே பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தொன்றில் இந்தப் பள்ளிக்கு வந்தார் பரிதா டீச்சர். ஆறு வருடம். மஞ்சள் காமாலை வந்து பதினோரே நாளில் போய்விட்டார். முப்பத்தெட்டு வயது! இது போகிற வயதா? யாரிடம் கேட்பது?

வந்த முதல் மாதமே ஒன்று பார்த்தேன். என் அறை ஜன்னல் வழியே பார்த்தால் மைதானம் தெரியும், அதன் கோடியில் நிற்கும் புளியமரம் தெரியும். டீச்சரின் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வரும். மரம் வரை ஓடும். தொட்டுவிட்டுத் திரும்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே பிள்ளை ஓடும். யார் அந்தப் பிள்ளைகள்? ஒரு நிமிடம் உட்காராத பிள்ளைகள், பலகையை உடைக்கிற பிள்ளைகள், கேட்பதற்குள் பதில் கத்துகிற பிள்ளைகள். ஆகா, என்ன கண்டிப்பு என்று எனக்கு ஒரே பெருமை! ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினேன். "அடக்க முடியாத பிள்ளையா? பரிதா டீச்சரிடம் அனுப்புங்கள், ஓடவிட்டு நிமிர்த்திவிடுவார்" என்று மற்ற வகுப்புகளுக்கும் உத்தரவு போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

ஆறு வருடம் அனுப்பினோம். போன பிள்ளை எதுவும் அழவில்லை. சிரித்துக்கொண்டே ஓடும். இதுகளுக்குத் தோல் தடிப்பு என்று நினைத்தேன். நான் படித்தவன், அதுவும் ஆசிரியப் பயிற்சி படித்தவன்! எனக்கு ஏன் புரியவில்லை?

டீச்சர் போன மறுவாரம் ஐந்தாம் வகுப்பில் ஒரே ரகளை. முக்கியமாக ஒரு பெண், மாதம்மாள். அதோ, புளியமரத்தடியில் தோளில் துண்டோடு நிற்கிறாரே மாதையன், அவர் மகள். நான் அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவர் சொன்னார்: "ஒரு எடத்துல நிக்க மாட்டா சார். வூட்லயும் அப்படித்தான். டீசி குடுத்துருங்க, ஆட்டுப் பின்னாடியாவது ஓடட்டும்." எனக்கும் அதுவே சரி என்று பட்டது. டீசி எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். இதோ, இந்தச் சட்டைப்பையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போகத்தான் அவர் காத்திருக்கிறார்.

நேற்று முன்தினம் காலை அந்தப் பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், நான் அழிச்சாட்டியம் பண்ணிட்டேன் சார். ஓட வுடுங்க."

தண்டனையை யாராவது கேட்டு வாங்குவார்களா? "போ, ஓடு" என்றேன். போகவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள்.

"கணக்கு சொல்லுங்க சார். கணக்கு இல்லாம எப்படி ஓடறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், "பதினேழு எட்டு எவ்வளவு?" பறந்தாள். மரத்தைத் தொட்டாள். திரும்பி வந்து மூச்சு வாங்க, "நூத்தி முப்பத்தாறு" என்றாள். ஏதோ குருட்டாம்போக்கு என்று நினைத்து, "இருபத்துநாலு பதினைந்து?" என்றேன். ஓடினாள், வந்தாள், "முன்னூத்தி அறுவது." ஐயா, நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அவள் வந்த பிறகுதான் எனக்கு விடை வந்தது! உட்காரவைத்துக் கேட்டால் ஏழு எட்டு தெரியாது என்று நானே முட்டை போட்ட பெண் அவள்.

அப்புறம் டீச்சரிடம் ஓடிய பிள்ளைகளில் இப்போது பள்ளியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன். ஏழு பேர். ஏழு பேருக்கும் ஏழு வேலை கொடுத்து வைத்திருக்கிறார் டீச்சர். முனாப் இருக்கிறானே, கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுவான். அவனுக்குத் தினம் ஒரு பெரியவரிடம் பத்துக் கேள்வி கேட்டுவந்து வகுப்பில் சொல்லும் வேலை. தலைவர் அவர்களிடமும் போயிருக்கிறான். பைப்பில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டானாம். தலைவர் சிரிக்கிறார். பதில் இன்னும் வரவில்லை என்று முனாப் சொல்கிறான்!

தர்மபுரியில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சொன்னேன். பிள்ளைகள் இப்படி ஓரிடத்தில் நிற்க முடியாமல் இருப்பதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறதாம். மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் மறந்துவிட்டேன். பரிதா டீச்சருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்குமா? தெரியாது. அவருக்குப் பிள்ளையைத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன அரக்கனா? நேற்று பாயிடம் போய்க் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். தண்டனைன்னு நெனக்கறதாலதான் பெரிய சார் ஓட வுடறாரு, வெளையாட்டுன்னு தெரிஞ்சா நிறுத்திப்புடுவாருன்னு சொல்லும் அது."

நிறுத்தியிருப்பேனா? நிறுத்தியிருப்பேன்! சபையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நிச்சயமாக நிறுத்தியிருப்பேன். டீச்சர் மேல் கோபப்படுவதா, காலில் விழுவதா? ஆறு வருடம் ஒரு தலைமையாசிரியனை ஏமாற்றியதற்கு அழுவதா, சிரிப்பதா? இரண்டும் சேர்ந்து வருகிறது ஐயா. எது முதலில் வரும் என்றும் தெரியவில்லை.

பரிதா டீச்சரே! உங்கள் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சபதம் செய்ய வேண்டும். அதுதான் முறை. எப்படித் தொடர்வது என்று எனக்குத் தெரியாது. எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? போகட்டும். பிள்ளைகளையே கேட்டுக்கொள்கிறேன். தப்பாகச் செய்வேன், திருத்திக்கொள்வேன். ஆனால் நிறுத்த மாட்டேன். இது சத்தியம்!

மாதையன் அவர்களே, நீங்கள் கேட்டால் டீசியைத் தர வேண்டியது என் கடமை. கேட்காதீர்கள். கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் நிற்கிற அதே இடத்தில், அந்த மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இப்போது எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நாம் நிற்போம். இந்த ஏழு பிள்ளைகளாலும் முடியாது. டீச்சர் இருந்திருந்தால் அவர்களை நிற்கச் சொல்லியிருக்க மாட்டார். ஏழு பேரும் முன்னால் வாருங்கள். மாதம்மா, இருபத்துமூன்று பதினேழு எவ்வளவு? இன்றைக்கு மரத்தைத் தொட வேண்டாம், உன் அப்பாவைத் தொட்டுவிட்டு வா. ஓடுங்கள்!

பெரியோர்களே, எழுந்து நில்லுங்கள். அவள் விடையோடு திரும்பி வரும்வரை யாரும் பேச வேண்டாம்.